லோதி ரோடு வரை போகாமல் நியாயம் கிடைக்குமா?

டெல்லி மெட்ரோவில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் நாட்டின் காக்கி அதிகாரம் மொத்தமும் குடியிருக்கிறது. லோதி ரோட்டின் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில்தான் மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் ஆகியவற்றின் தலைமையகங்கள் இருக்கின்றன. 2011 ஏப்ரலில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த சி.பி.ஐ. தலைமையகமும் அங்கேதான். 2017-ல் என்.ஐ.ஏ.வும் எதிரே சொந்தக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. லோதி காலனிப் பக்கம் போனால் டெல்லி போலீஸின் ஸ்பெஷல் செல். அந்தக் காலனிக்கென்று, எல்லா ஊரிலும் இருப்பதுபோல, ஒரு சாதாரண காவல் நிலையமும் உண்டு.

லோதி ரோட்டைக் கண்ணால் பார்க்காத தமிழர்கள்கூட இந்த முகவரியை நம்பி முழக்கம் போட்டிருக்கிறார்கள். லாக்-அப்பில் ஒருவர் செத்தால், உறவினர்கள் உடலை வாங்க மறுத்து மறியலில் உட்கார்ந்தால், முதலில் எழும் கோரிக்கை 'சி.பி.ஐ. விசாரணை வேண்டும்' என்பதுதான். கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஸ்டேஷன் மேல் நம்பிக்கை இல்லை. மாவட்ட எஸ்.பி. மேல் இல்லை. சென்னையில் இருக்கும் சி.பி.சி.ஐ.டி. மேலும் இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், முகம் தெரியாத ஓர் அலுவலகத்தின் மேல் நம்பிக்கை வைக்கிறார்கள் என்றால், உள்ளூர் போலீஸ் மக்களிடமிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது!

2020 ஜூன் 19 இரவு தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்தார் என்று சொல்லி, செல்போன் கடைக்காரரான ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அப்பாவைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். விடிய விடிய அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறை உள்ளே வாங்கிக்கொண்டது. ஜூன் 22 இரவு மகன் இறந்தார், விடிவதற்குள் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இதில் லத்தி பிடித்த கைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். எனக்கு அதைவிட அதிகமாக உறுத்துவது அந்த மூன்று வாசல்கள். டாக்டர், மாஜிஸ்திரேட், ஜெயில் அதிகாரி: கைதியை போலீஸிடமிருந்து காப்பாற்றவே சட்டம் இந்த மூன்று பேரையும் வழியில் நிறுத்தியிருக்கிறது. ரத்தம் கசிந்த இரண்டு உடல்கள் மூன்று வாசலையும் கடந்து போயின, ஒருவர்கூட 'நில்' என்று சொல்லவில்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டையே அந்த ஸ்டேஷனில் ஒரு காவலர் ஒருமையில் பேசினார். கேமரா பதிவைக் கேட்டபோது, ஹார்டு டிஸ்க்கில் தாராளமாக இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. நீதிபதிகள் அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உத்தரவிட்டார்கள். அதே நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அன்றிரவு பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். வெளியே சக போலீஸார் நின்றுகொண்டிருந்தபோது, உயிருக்குப் பயந்துகொண்டே அவர் சொன்ன அந்த வாக்குமூலம்தான் வழக்குக்கு முதுகெலும்பு. காவல்துறையின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

ஜூலையில் வழக்கு லோதி ரோட்டுக்குப் போனது. சி.பி.ஐ. செப்டம்பரிலேயே ஒன்பது போலீஸார்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டது. ஆனால், மதுரை நீதிமன்றத்தில் விசாரணை வருடக்கணக்கில் இழுத்தது.

சாத்தான்குளம் நடந்து ஐந்து வருடம் கழித்து, 2025 ஜூன் 27. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமாரை, காரிலிருந்த நகை காணாமல் போன புகாரில் தனிப்படை போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கோயில் ஊழியர் ஒருவர் ஒளிந்து நின்று செல்போனில் எடுத்த வீடியோ இல்லாவிட்டால், இதுவும் 'வலிப்பு வந்து விழுந்தார்', 'தப்பி ஓடும்போது தவறி விழுந்தார்' வகைச் செய்திகளில் ஒன்றாகப் போயிருக்கும். முதல்வர் ஸ்டாலின் அஜித்குமாரின் தாயிடம் போனில் வருத்தம் தெரிவித்தார். வழக்கு உடனே சி.பி.ஐ.க்கு மாறியது. 2023 ஜூனில் இதே அரசுதான், சி.பி.ஐ. தமிழ்நாட்டுக்குள் விசாரிப்பதற்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றிருந்தது. அரசியல் காரணத்துக்கு வேண்டாம் என்ற சி.பி.ஐ., லாக்-அப் மரணத்துக்கு மட்டும் வேண்டியிருக்கிறது. ஏன்? தன் போலீஸ் தன் போலீஸை விசாரித்தால் ஒரு குடிமகனும் நம்பமாட்டான் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது.

சி.பி.ஐ.க்கு மாற்றியதும் பரபரப்பு அடங்கிவிடுகிறது. நடந்த குற்றத்துக்கு ஒருவேளை அங்கே நியாயம் கிடைக்கலாம். ஆனால், அடுத்த வாரம் பைக் காணாமல் போய் அதே ஸ்டேஷன் படியேறப்போகிறவருக்கு லோதி ரோடு என்ன செய்துவிட முடியும்? அவருக்கு வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு எஃப்.ஐ.ஆர்., அடிக்கமாட்டார்கள் என்ற உறுதி. அந்த மூன்றையும் டெல்லியிலிருந்து அனுப்பிவைக்க முடியாது.

டெல்லியிலாவது நிலைமை வேறா என்றால், சி.பி.ஐ. தலைமையகத்தின் நிழலிலேயே இருக்கும் குடியிருப்புகளைப் பார்க்க வேண்டும். லோதி காலனி, லோதி எஸ்டேட், ஜங்புரா, நிஜாமுதீன் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிய பகுதிகள். அரசு குவார்ட்டர்ஸும் பங்களாக்களும் ஒரு பக்கம், அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்களும் கார் ஓட்டுகிறவர்களும் வாழும் பஸ்திகள் இன்னொரு பக்கம்.

டெல்லி போலீஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தனியாக வாழும் முதியவர்கள் பேரைப் பதிந்துகொண்டால், பீட் கான்ஸ்டபிள் அவ்வப்போது வந்து நலம் விசாரிப்பார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அந்தக் கான்ஸ்டபிளுக்கு டீ கொடுத்து உட்காரவைப்பார்கள். போன் நம்பர் வாங்கிவைத்துக்கொள்வார்கள். போலீஸ் அங்கே கிட்டத்தட்ட வீட்டு மனுஷன். இதே கான்ஸ்டபிள்தான் வேலைக்காரர்கள் சரிபார்ப்புப் படிவத்தையும் கையாள்கிறார். வீட்டுக்காரர் தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் போட்டோ, சொந்த ஊர், அடையாள விவரம் எல்லாவற்றையும் எழுதி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு போலீஸோடு ஏற்படும் முதல் உறவே, நாளைக்கு நகை காணாமல் போனால் யாரைத் தேடுவது என்பதற்கான காகிதமாகத்தான் இருக்கிறது. தான் வேலைக்குச் சேரும் வீடு எப்படிப்பட்டது, சம்பளம் கொடுப்பார்களா, கை நீட்டுவார்களா என்று அவள் தெரிந்துகொள்ள எந்த ஸ்டேஷனிலும் ஒரு படிவம் கிடையாது.

இந்த இரண்டு வீடுகளுக்கும் போவது ஒரே சட்டை போட்ட ஒரே ஆள். ஒரு வீட்டில் அவரைக் கண்டால் நிம்மதி, இன்னொரு வீட்டில் அடிவயிறு கலங்குகிறது. 'மக்கள் போலீஸை நம்புவதில்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அதனால்தான் சரியில்லை. யார் நம்புவதில்லை என்று கேட்க வேண்டும். மடப்புரத்திலும் கதை இதுதானே? நகை காணவில்லை என்றவர் சொன்னது கேட்கப்பட்டது. எடுக்கவில்லை என்ற காவலாளி சொன்னது கேட்கப்படவில்லை.

ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரத்தில் மதராஸி கேம்ப் என்று ஒரு தமிழ்க் குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள். சுற்றியிருக்கும் காலனிகளில் வீட்டு வேலை, லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பு என்று வாழ்ந்தவர்கள். டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ம் தேதி அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். நரேலா டெல்லியின் வடக்கு எல்லை. காலையில் ஜங்புராவுக்குப் பாத்திரம் தேய்க்க வந்துபோகிற தூரம் இல்லை. உத்தரவு நீதிமன்றத்துடையது, புல்டோசர் நிர்வாகத்துடையது. ஆனால், அன்றைக்கு அங்கே வரிசைகட்டி நின்ற முகம் போலீஸுடையது. அரசாங்கத்தின் எல்லாத் துறையும் எடுக்கும் கசப்பான முடிவுகளை ஏழையின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை காக்கிக்குத்தான் வருகிறது. நம்பிக்கையைப் பற்றிப் பேசும் உயரதிகாரிகள் இந்த இடத்தை ஏனோ தொடுவதே இல்லை.

இந்த விரோதத்துக்கு வயது அதிகம். அதன் வேர் நம் மண்ணில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கவும் நடந்த சித்திரவதைகளை விசாரிக்கக் கம்பெனி அரசு அமைத்த ஆணையம் 1855-ல் அறிக்கை கொடுத்தது. விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. வரி கேட்டு வந்த வருவாய்ச் சேவகனே போலீஸாகவும் இருந்ததுதான் கேட்டின் ஆணிவேர் என்று அப்போது கண்டுகொண்டார்கள். வருவாய்த் துறையிலிருந்து பிரித்து, 1859-ல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-ன் இந்தியப் போலீஸ் சட்டத்துக்கு அது முன்னோடி. சித்திரவதையை ஒழிக்க வருவாய்த் துறையிடமிருந்து பிரித்த போலீஸ் ஸ்டேஷனை, 161 வருடம் கழித்து, சித்திரவதை காரணமாகவே வருவாய்த் துறையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது சாத்தான்குளத்தில்.

சட்டமும் போலீஸை நம்பவில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தின் 23-வது பிரிவாக அப்படியே தொடர்கிறது. அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். செல்லாத வாக்குமூலத்துக்காக இன்னும் ஏன் அடிக்கிறார்கள்? அந்த வாக்குமூலத்தை வைத்துப் பொருளைக் கைப்பற்றினால், அந்த அளவுக்கு அது செல்லும். துப்புத் துலக்கத் தேவையான ஆளும் நேரமும் பயிற்சியும் கொடுக்காமல், 'இருபத்துநாலு மணி நேரத்தில் ரெக்கவரி காட்டு' என்று மேலிருந்து கேட்டால், கீழே இருப்பவருக்குத் தெரிந்த ஒரே குறுக்குவழி லத்தி. மடப்புரத்துக்குப் பிறகு, முறையான அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவிட்டார். அவசியமான உத்தரவுதான். தனிப்படைகள் எதற்காக உருவாயின என்ற காரணம் அப்படியே இருக்கிறதே!

கீழே இருப்பவரின் வாழ்க்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். போலீஸ் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு, சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதே சி.ஜி.ஓ. வளாகத்தில்தான் இயங்கியது. எட்டு மணி நேர ஷிஃப்ட் குறித்து 2014-ல் அது வெளியிட்ட ஆய்வில், ஸ்டேஷன்களில் வேலை செய்பவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் பணிபுரிவதாகத் தெரியவந்தது. 2019-ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நிதியும் நடத்திய ஆய்வில் சராசரி வேலை நேரம் 14 மணி. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு என்பதே 2021-ல்தான் உத்தரவாக வந்தது. பந்தோபஸ்து, கோர்ட், சம்மன், வி.ஐ.பி. கான்வாய் என்று ஓடிவிட்டு ராத்திரி பாரா நிற்கும் காவலரிடம், மனைவியைக் காணோம் என்று அழுதுகொண்டு ஒருவர் வந்து நின்றால் என்ன பதில் வரும்? இது அடிப்பதற்குச் சமாதானம் ஆகாது. களைத்துப்போன, மேலதிகாரியிடம் தினம் திட்டு வாங்கும் மனிதன் தனக்குக் கீழே யாராவது கிடைத்தால் என்ன செய்வான் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

'மக்களோடு நட்பு' என்ற முயற்சியும் நம்மிடமே பிறந்ததுதான். 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' மாநிலம் முழுக்கப் பரவி, வெளிநாட்டு விருதும் வாங்கியது. சாத்தான்குளம் விவகாரத்தில் அந்த அமைப்புத் தொண்டர்கள் பெயரும் அடிபட, 2020 ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. மக்களின் கண்ணாக ஸ்டேஷனுக்குள் இருக்க வேண்டியவர்கள் போலீஸின் கூடுதல் கையாக மாறினால் இப்படித்தான் முடியும். தொண்டருக்கு டி-ஷர்ட் கொடுத்தார்கள், கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுக்கவில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. 2008 மார்ச்சில் 20 ஸ்டேஷன்களில் ஜனமைத்ரி திட்டம் தொடங்கியது. பீட் அதிகாரி வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரையாவது பேர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். அதனால் பலன் உண்டு என்று அந்த மாநிலத்துக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால், குன்னங்குளம் ஸ்டேஷனில் 2023-ல் ஓர் இளைஞரை போலீஸார் அடித்த வீடியோ 2025 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு வருடத்துக்கு மேல் போராடி அவர் அதை வாங்கினார். சிரித்துப் பழகும் போலீஸாக இருந்தாலும் கேமராவும் கேள்வியும் வேண்டும் என்பதற்கு அந்த வீடியோ சாட்சி.

கேமரா விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும், லாக்-அப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை உட்பட, ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. சி.பி.ஐ., என்.ஐ.ஏ. அலுவலகங்களுக்கும் அதே உத்தரவு. லோதி ரோட்டுக்கும் விலக்கு இல்லை. லாக்-அப் மரணச் செய்திகளைப் பார்த்து, கேமராக்கள் வேலை செய்யாதது ஏன் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே மறுபடி வழக்கு எடுக்க வேண்டிவந்தது. ஐந்து வருடத்தில் ஒரு கேமராவை ஓடவைக்க முடியாத அரசுகளிடம் மக்கள் எதை நம்பி ஒப்படைப்பார்கள்?

இதைவிடக் கெட்டுப்போன உறவைச் சீர்செய்த ஊர் ஒன்று உண்டு. வட அயர்லாந்தில் முப்பது வருட ரத்தக்களறியில் போலீஸ் ஒரு தரப்பின் படையாகவே பார்க்கப்பட்டது. கத்தோலிக்கர்கள் மக்கள்தொகையில் கணிசமான பங்கு, போலீஸில் வெறும் 8 சதவீதம். 1999-ல் பேட்டன் ஆணையம் கொடுத்த 175 பரிந்துரைகளின்படி 2001-ல் போலீஸின் பெயரையும் சின்னத்தையும் மாற்றினார்கள். பத்து வருடம், தேர்வாகும் புதியவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். 2011-ல் அவர்கள் பங்கு சுமார் 30 சதவீதத்தைத் தொட்டது. எல்லாவற்றையும்விட முக்கியம், போலீஸ்மீதான புகாரைப் போலீஸ் விசாரிக்காது. அதற்கென்று தனி ஆம்புட்ஸ்மேன், அவருக்கென்று சொந்த விசாரணை அதிகாரிகள். அங்கே இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால், போலீஸ் வேலையில் சேர்ந்த மகனை ஊருக்கு மறைத்துவைத்த குடும்பங்கள் அதை வெளியே சொல்லத் துணிந்தன.

நம் உச்ச நீதிமன்றம் இதையே 2006 செப்டம்பர் 22-ல் சொல்லிவிட்டது. எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பிரகாஷ் சிங் பத்து வருடம் நடத்திய வழக்கு அது. காவல் நிலையத் தலைமை அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு வருடப் பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, மாநிலத்திலும் மாவட்டத்திலும் போலீஸ் புகார் ஆணையம் என்று ஏழு கட்டளைகள். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. கேரளம் 2011 சட்டத்தில் அப்படியே செய்தது. தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த காவல் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அதாவது, ஸ்டேஷனில் அடிபட்டவர், அந்த ஸ்டேஷனுக்கு மேலதிகாரியாக இருப்பவரிடமே போய்ப் புகார் சொல்ல வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பும் பழக்கத்துக்கும் தீர்ப்பு இருக்கிறது. லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே, கைதுக்குரிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று சொல்லியாயிற்று. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் எந்த ஊர் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆன்லைனிலும் கொடுத்து, மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் பயனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்த ஒரு பிரிவை ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் தமிழில் பெரிதாக எழுதிவைக்க என்ன செலவாகிவிடும்?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. 2010-ல் மக்களவை நிறைவேற்றிய மசோதா காலாவதியாகிவிட்டது. அது டெல்லி செய்ய வேண்டிய வேலை. நம் வேலை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 2013 சட்டத்தில் கலெக்டர், எஸ்.பி. இருக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியையும் வெளியாட்களையும் உட்காரவைத்து, அவர்களுக்குச் சொந்தமாகச் சில விசாரணை அதிகாரிகளைக் கொடுத்து, கேமரா பதிவை எந்த நேரமும் கேட்டு வாங்கும் அதிகாரத்தையும் கொடுப்பது கோட்டையில் ஒரு கூட்டத்தொடரில் முடிகிற காரியம். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சிவகங்கைக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் கேட்க வேண்டியது, எங்கள் மாவட்டத்துக்கு அந்த ஆணையம் எப்போது வரும் என்பதைத்தான்.